டைப் அக்கா கேட்ட கையெழுத்து

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். இதைச் சொல்ல எனக்கு என்றைக்கும் கூச்சம் இருந்ததில்லை. எங்காவது மேடையில் மாலை போட்டால் நான் பேசும் முதல் வாக்கியமே இதுதான். இரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி, சைக்கிளின் பின்னால் கட்டி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியவன் இன்று நான்கு பரிசோதனைக் கூடங்களுக்குச் சொந்தக்காரன். பதினெட்டு வருடத்தில் ஒரு குழாயை உடைத்ததில்லை. ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்தபோது முட்டி உடைந்தது. பெட்டி என் நெஞ்சின் மேல் பத்திரமாக இருந்தது. இதெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

என்னைப் பற்றி நானே நிறையப் பேசியாகிவிட்டது. என் கூடத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்த ஒருத்தியைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. அவளும் எழுத விட்டிருக்க மாட்டாள். கூடத்தில் எல்லோருக்கும் அவள் டைப் அக்கா. என்னைவிட இருபது வயது சின்னவள் என்பதால் எனக்கு மட்டும் ‘ஏம்மா’.

முடிவுகளைத் தட்டச்சு செய்யத்தான் அவளை வைத்தேன். வந்த இரண்டாம் வாரமே ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்து நின்றாள்.

“ஐயா, இதுல புள்ளி இடம் மாறியிருக்கு. பன்னெண்டு புள்ளி நாலுன்னு இருக்கணும். ஒண்ணு புள்ளி ரெண்டு நாலுன்னு இருக்கு.”

“எழுதுனத அடிச்சிட்டுப் போம்மா. உனக்கெதுக்கு?”

“இந்த அளவு இரத்தத்தோட ஆளு நடந்து வந்து ரசீது வாங்கியிருக்க முடியாதுங்க. வெளிய உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்காரு.”

எட்டிப் பார்த்தேன். ஆள் காலாட்டிக்கொண்டு விளையாட்டுச் செய்தி படித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவள் கண் படாமல் எந்தத் தாளும் வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஆளை எடைபோடுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

அவளுக்கு ஒரே ஒரு வழக்கம் இருந்தது. மத்தியானம் ஒரு மணி அடித்தால், எந்த வேலையில் இருந்தாலும் எழுந்துவிடுவாள். பன்னிரண்டு நிமிட நடையில் வீடு. சிமென்ட் கடை மாடியில் இரண்டு அறை. அவள் புருஷன் லாரி ஓட்டியவர். ஒரு விபத்தில் முதுகெலும்பு போய்ப் படுத்த படுக்கையாக இருந்தார். அவரை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் தோல் வெந்து புண்ணாகிவிடும். புரட்டிவிட்டு, முதுகைத் துடைத்து, இரண்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நாற்காலியில் இருப்பாள். பத்தொன்பது வருடமும் அவர் முதுகில் ஒரு புண் வரவில்லை. நான் உடைக்காத குழாய்களைப் போலத்தான் அதுவும். அதற்கு யாரும் மாலை போடவில்லை.

கம்ப்யூட்டர் வந்தபோது பல மாதம் உறை போட்டுத்தான் கிடந்தது. விற்றவன் அதில் சீட்டு விளையாடக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனான். புருஷனின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரவல் புத்தகங்களைப் படித்து, புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவள் இவள். முதலில், புள்ளி இடம் மாறினால் கத்துகிற ஒரு புரோகிராம் எழுதினாள். பிறகு, வீட்டில் இருந்தபடியே முடிவைப் பார்க்கும் இணையதளம். எங்கள் ஊரில் அப்படிப் பலகை வைத்த முதல் ஆள் நான்தான். பலகை என்னுடையது. உள்ளே இருந்த ஒவ்வொரு வரியும் அவளுடையது.

அந்த இணையதளத்தில் ஒரு குறை எனக்குப் பட்டது.

“ஏம்மா, பாஸ்வேர்டு போட்டா ஒரு நொடி முழிக்குது. அடுத்த தெருக் கூடத்துல பட்டுனு திறக்குதாம்.”

“வேணும்னேதான் மெதுவா வச்சிருக்கேன் ஐயா.”

“வேணும்னேவா? நல்லாருக்கே. ஊசியையும் மெதுவாக் குத்தச் சொல்லட்டுமா?”

அவள் சிரிக்கவில்லை. எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல அவளுக்குத் தெரியும்.

“நாம யாரோட பாஸ்வேர்டையும் வச்சுக்கிறதில்லைங்க. அவங்க தர்றது தானியம். அதை அரைச்சு மாவைத்தான் வச்சுக்கிறோம். மறுபடி வர்றப்ப தர்றதையும் அரைச்சு, ரெண்டு மாவும் ஒண்ணான்னு பாக்கிறோம். மாவைத் திருப்பித் தானியமாக்க யாராலயும் முடியாது. என்னாலயும் முடியாது.”

“சரி, மெதுவா எதுக்கு?”

“மாவைத் திருடினவன் என்ன பண்ணுவான்? தனக்குத் தோணின தானியத்தையெல்லாம் அரைச்சு அரைச்சு, எது ஒத்துப்போகுதுன்னு பாப்பான். கோடி தடவை அரைக்கணும். நமக்கு ஒரு நொடி. அவனுக்குக் கோடி நொடி.”

நான் விடவில்லை. “ரெண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வச்சிருந்தா? ஒரே மாவுதானே வரும்? ஒருத்தனோடது தெரிஞ்சா மத்தவனோடதும் போச்சே.”

தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். “அதுக்குத்தான் ஆளுக்கொரு சிட்டிகை வேற வேற உப்பு கலந்து அரைக்கிறேன். தானியம் ஒண்ணா இருந்தாலும் மாவு வேறயா வரும். இத இதுவரைக்கும் யாரும் என்கிட்டக் கேட்டதில்லைங்க ஐயா.”

ஐந்தாம் வகுப்புக்காரன் கேட்ட கேள்வி. ஒரு வாரம் அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆகவே எனக்குப் புரியவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நன்றாகப் புரிந்தது.

எங்களுக்கு நிறைய நோயாளிகளை அனுப்புகிற பெரிய டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் தன் பாஸ்வேர்டை மறந்துவிட்டுப் போன் செய்தார். எங்களுக்கே தெரியாது, போனுக்கு ஒரு எண் வரும், அதை வைத்துப் புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அரை மணி நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு நேரில் வந்துவிட்டார். கவுன்டரில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள்.

“என்னய்யா கடை வச்சிருக்க? என் பாஸ்வேர்டு உனக்கே தெரியாதாம். அஞ்சாங்கிளாஸ்காரன் கம்ப்யூட்டர் வச்சா இப்படித்தான் இருக்கும்.”

நானே என் வாயால் நூறு மேடையில் சொன்ன வார்த்தைதான். அடுத்தவன் வாயிலிருந்து வந்தபோது காதில் ஈயம் காய்ச்சி ஊற்றின மாதிரி இருந்தது. என் கடைக்கு வந்தவன் கேட்டது கிடைக்காமல் திரும்பினான் என்ற பேச்சே அதுவரை இருந்ததில்லை. அக்காவைக் கூப்பிட்டேன்.

“மறந்துட்டேன்னு போன் பண்ணா, கவுன்டர்ல இருக்கவங்க பாத்துச் சொல்லணும். மாத்தி எழுது.”

“அது முடியாதுங்க ஐயா.”

“முடியாதா, மாட்டியா?”

“மாட்டேன்.”

மூன்று நாள் இழுத்தது. அரைப்பதை நிறுத்திவிட்டுப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைக்கலாம், வேண்டும்போது திறந்து பார்க்கலாம் என்று வழி இருப்பதை அவளிடமிருந்தே பிடுங்கிவிட்டேன். பிறகு சும்மா விடுவேனா?

“பூட்டினா சாவி எங்கங்க வைப்பேன்? கவுன்டர்ல கேக்கிறப்பல்லாம் திறக்கணும்னா, சாவியும் அதே மெஷின்லதான் இருந்தாகணும். பூட்டைத் தொங்கவிட்டுப் பக்கத்து ஆணியிலயே சாவியை மாட்டினாப்பல. உள்ள நுழைஞ்சவன் ரெண்டையும் சேத்து எடுத்துட்டுப் போவான்.”

“நம்ம கடையில எவன் நுழையப் போறான்?”

நான்காம் நாள் ஒரு தாளோடு வந்தாள். தட்டச்சு செய்து நான்கே வரி. இன்ன மாற்றத்தை நான் வேண்டாம் என்று சொன்னேன், முதலாளியின் உத்தரவின்படி செய்கிறேன் என்று இருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

“இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க ஐயா. செஞ்சு குடுத்துடறேன்.”

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. “இருபது வருஷமா என் வார்த்தையில ஓடுற கூடம் இது. வார்த்தையை விடக் கையெழுத்து பெருசாப் போச்சா? என்னை நம்பாதவ எனக்கு எதுக்கு?”

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மணி ஒன்றாகியிருந்தது. வீட்டுக்குப் போனாள். ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கும்போது திரும்பி வந்தாள். மத்தியானமே வேலையை ஆரம்பித்துவிட்டாள். ஒரு மணிக்கு எழுந்து போக விடுகிற இன்னொரு முதலாளி அவளுக்கு எங்கே கிடைப்பான்? அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

ஏற்கெனவே அரைத்த மாவை அவளாலும் திருப்ப முடியவில்லை. அவரவர் அடுத்த முறை உள்ளே வரும்போது கொடுக்கிற பாஸ்வேர்டைப் பிடித்துப் பூட்டி வைத்தாள். ஆறு மாதத்தில் பெட்டி நிறைந்துவிட்டது.

என் கடைக்கு மறுபடி நல்ல பெயர். “மறந்துட்டீங்களா, இருங்க சார், பாத்துச் சொல்றேன்” என்று கவுன்டரில் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிரும். கவுன்டர்காரர்களுக்கு அது பொழுதுபோக்கும் ஆனது. ஒரு மருமகளின் பாஸ்வேர்டு மாமியாரைத் திட்டுகிற வசவு. ஒரு கணக்கு வாத்தியார் ஒன்றிலிருந்து ஆறு வரை வரிசையாகப் போட்டிருந்தார். அதே எண்ணை இன்னும் முந்நூறு பேர் வைத்திருந்தார்கள்.

ஒருநாள் நானும் திரையின் முன் உட்கார்ந்தேன். என் மனைவிக்குச் சர்க்கரை உண்டு. அவளும் அந்த இணையதளத்தில்தான் பார்ப்பாள். சும்மா, என்ன வைத்திருக்கிறாள் என்று திறந்தேன். ஒரு பெண் குழந்தையின் பெயர் இருந்தது. எங்கள் மூத்தது பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டது. அதற்குப் பெயரே வைக்கவில்லை என்றுதான் நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் வைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

திரையை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். அன்றைக்கே அக்காவைக் கூப்பிட்டு, பழையபடி அரைத்துவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கவுன்டரில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

ஐந்து வருடம் கழித்துப் பெரிய மெஷினுக்கு மாறினோம். மாற்றிக் கொடுக்க வெளியிலிருந்து ஒரு நிறுவனத்தைப் பிடித்தேன். அவர்கள் எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்து, இணையத்தில் யாரும் எட்டிப் பார்க்கக்கூடிய இடத்தில் வைத்து, எடுக்க மறந்துவிட்டார்கள். பெட்டியும் அதில் இருந்தது. ஆணியில் மாட்டிய சாவியும் அதில் இருந்தது. எவனோ கண்டெடுத்தான். பூட்டையே அவன் உடைக்க வேண்டியிருக்கவில்லை. பதினோராயிரம் பேரின் பாஸ்வேர்டும், அவர்கள் உடம்பில் என்ன இருக்கிறது என்பதும் ஊர் முழுக்கக் கைமாறியது. அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருந்தார்களோ, அங்கெல்லாமும் திருடன் நுழைந்தான்.

ஒரு தையல்காரப் பெண் இரண்டு பைகளோடு எங்கள் கவுன்டருக்கு வந்து நின்றாள். அவளுக்கு என்ன நோய் என்று வாடகை வீட்டின் சொந்தக்காரர் தன் போனில் படித்துவிட்டு, காலி செய்யச் சொல்லியிருக்கிறார். அவள் கத்தவில்லை.

“நான் உங்ககிட்ட இரத்தம் மட்டும்தானே குடுத்தேன். ஊருக்கு எதுக்குக் குடுத்தீங்க?”

நான் உள் அறையில் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. எழுந்து வரவில்லை. அக்காதான் போய் அவள் கையிலிருந்து ஒரு பையை வாங்கிக்கொண்டாள். சிமென்ட் கடை மாடியில் பதினோரு நாள் அவளை வைத்திருந்து, வேறு அறை பார்த்துக் கொடுத்தாள்.

பிறகு அரசு அலுவலகத்தில் விசாரணை வந்தது. கண்ணாடி போட்ட மேசை. அந்தப் பக்கம் அதிகாரி அம்மா ஒருவர். இந்தப் பக்கம் நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். அவர் கையில் புரோகிராமின் அச்சுத் தாள்கள் இருந்தன.

“அரைச்சு வச்சிருந்ததை மாத்தி, திறக்கிற மாதிரி பூட்டி வச்சது யாரு?”

“நான்தாங்க” என்றாள் அக்கா.

“தப்புன்னு தெரியாதா?”

“தெரியும். நூத்தி நாப்பதாவது வரியைப் பாருங்க.”

அதிகாரி புரட்டினார். புரோகிராமுக்கு நடுவே, மெஷின் படிக்காமல் தாண்டிப் போகிற ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். ‘இது ஆபத்து என்று சொன்னேன். உத்தரவின்படி செய்கிறேன்.’ தேதியும் இருந்தது. நான் கையெழுத்துப் போட மறுத்த அதே தேதி.

“யாரு உத்தரவு? பேரு இல்லையே. கையெழுத்துப் போட்டது ஏதாவது இருக்கா?”

பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினாள். மடிப்பு விழுந்து பழுத்துப் போயிருந்தது. கீழே கையெழுத்துக்கான இடம் வெள்ளையாகவே இருந்தது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “இந்த உத்தரவு நீங்க குடுத்ததா?”

அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. ஆமாம் என்று நான் சொன்னால் அவள் பெயர் தப்பிக்கும். என் பலகை விழும். அக்கா என்னைப் பார்க்கவில்லை. மேசைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது.

“நான் அஞ்சாம் வகுப்புதாங்க படிச்சது” என்றேன். “கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் எனக்கு என்ன தெரியும்? எல்லாம் அந்தம்மாதான் பாத்துக்கிச்சு.”

அதிகாரி எழுதிக்கொண்டார். அக்கா தாளை மடித்தாள். மணி ஒன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. “நான் கெளம்பலாங்களா? வீட்டுல ஒரு வேலை இருக்கு” என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

கூடத்துக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அவ்வளவுதான். அவள் பெயர் ஆணையில் ஏறியது. நோயாளிகளின் விவரங்களைத் தொடும் எந்த வேலையிலும் இனி அமர்த்தக் கூடாது என்று. செய்தித்தாளில் ‘ஊழியரின் அலட்சியம்’ என்று போட்டார்கள். நானே வேலையிலிருந்து நீக்கினேன். நீக்காவிட்டால் வேறு மாதிரிப் பேசுவார்கள் என்று வக்கீல் சொன்னார்.

சாப்பிடும்போது என் மனைவி கேட்டாள்.

“ஏங்க, மேடையில அஞ்சாம் வகுப்புன்னு சொன்னப்பல்லாம் கை தட்டினாங்களே. அங்க யாராவது தட்டினாங்களா?”

அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து என்னிடம் தேவைக்குத்தான் பேசுகிறாள்.

அக்காவுக்கு ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டும் வேலை கிடைத்தது. உள்ளே போனால் ஆறு மணிக்குத்தான் கதவைத் திறப்பார்கள். ஒரு மணிக்கு வெளியே வர முடியாது. பக்கத்து வீட்டுக்காரியை ஏற்பாடு செய்தாள்; அவளால் அந்த உடம்பைத் தூக்க முடியவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். படுக்கைப் புண்ணிலிருந்து எடுத்த சீழ் ஒன்று பரிசோதனைக்கு வந்தது, எங்கள் இரண்டாவது கூடத்துக்கு. தாளில் அவள் புருஷன் பெயர். எந்த மருந்துக்கும் கட்டுப்படாத கிருமி என்று முடிவு. இப்போது அக்கா இல்லாததால் தாள்களை நானே ஒருமுறை பார்த்து அனுப்புகிறேன். புள்ளி எதுவும் இடம் மாறியிருக்கவில்லை.

மூன்று வாரத்தில் அவர் போய்விட்டார்.

அதற்கும் ஒரு மாதம் கழித்து, ஒரு விடுமுறை நாளில் சிமென்ட் கடை மாடி ஏறினேன். நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினேன். கையில் ஒரு தாள். நானே எழுதியது, எனக்கு எழுத்து குண்டு குண்டாகத்தான் வரும். பாஸ்வேர்டைப் பூட்டி வைக்கச் சொன்னது நான், அவள் மறுத்தாள், நான் கட்டாயப்படுத்தினேன் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

கதவைத் திறந்து, “வாங்க ஐயா” என்றாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கட்டில் அதே இடத்தில் கிடந்தது. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தாள். தாளை வாங்கி, விரலை வரிக்குக் கீழே வைத்து, இரண்டு முறை படித்தாள். எந்தத் தாளையும் அவள் அப்படித்தான் படிப்பாள்.

“இன்னைக்குத் தேதி போட்டிருக்கீங்க.”

“பழைய தேதியே போட்டுடறேம்மா. பேனா இருக்கா?”

“அது பொய்யாயிடுங்க. அன்னைக்கு நீங்க போடலை.”

தாளை என் பக்கம் நகர்த்தினாள். “இத நான் எங்கயும் தூக்கிட்டுப் போக மாட்டேன் ஐயா. குடுக்கணும்னா நீங்களே குடுங்க.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கீழே எங்கோ மணி ஒன்று அடித்தது. அவள் சட்டென்று எழுந்து கட்டிலண்டை போனாள். கை நீண்டுவிட்டது. சுருட்டிய மெத்தையின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். நான் மாடிப்படி இறங்கினேன்.

மறுநாளே விசாரணை நடந்த அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி அம்மா மாற்றலாகிப் போயிருந்தார். அந்த நாற்காலியில் இருந்தவர் தாளைப் படித்துவிட்டு, “முடிஞ்ச கோப்புங்க பெரியவரே. இப்பத் திறக்க வழியில்ல” என்றார். நான்கு முறை போய்விட்டேன். நான்கு முறையும் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

அவர்கள் வாங்கிக்கொள்ளாததால் இங்கே எழுதுகிறேன். உத்தரவு போட்டவன் நான். ஆபத்து என்று சொன்னவள் அவள். கேட்டபோது தெரியாது என்றேன், தெரியும். இன்றைய தேதியைத்தான் போட்டிருக்கிறேன். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் என் கையால் எழுதியது.